முன்பக்கம் மட்டும் உள்ள வீடு

அன்று மாலை அங்கே இருந்தவர்கள்: இயக்குநர் ஹாலோரன். அவருடைய உதவியாளர் கோனி சாபோ, கையில் ஒலிபெருக்கியோடு. ஒலிப்பதிவாளர் மில்ட், காதில் ஹெட்போனோடு. கேமராக்காரர்கள், விளக்குக்காரர்கள், உடைகளைப் பார்த்துக்கொள்ளும் டோரதி. தீவுக்கு வந்த பணக்கார விருந்தினர்களாக வேஷம் கட்டிய துணை நடிகர்கள். குளக்கரை மரங்களில் மயில்கள். தொடரின் நாயகன் கார்ல்டன். அவரைப் போலவே வெள்ளை சூட்டில் வெர்ன் கோஸ்டெல்னிக்.

கேட்டால், அத்தனை பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்றுதான் சொல்வார்கள். வெர்னும் போனான், அவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தோம் என்பார்கள்.

பொய்யில்லை. பார்த்தார்கள்தான்.

அன்று காலை அவன் வந்ததும் வழக்கம்போலத்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியே இருக்கும் அந்தத் தாவரத் தோட்டத்தின் பின்வாசலில் காரை நிறுத்தினான். மலைப்பக்கம் காடு எரிந்துகொண்டிருந்தது. காற்றில் சாம்பல் மிதந்தது. காகிதக் கோப்பையில் ஆறிப்போன காபியை வாங்கிக்கொண்டு பனைகளுக்கு நடுவே நடந்தான். குளத்துக்கு அக்கரையில் அந்த வீடு தெரிந்தது. வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, சின்ன மணிக்கூண்டு, அகலமான வராந்தா. சனிக்கிழமை ராத்திரியானால் நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வீடு. வாராவாரம் ஒரு சிறு விமானம் குளத்தில் இறங்கும். ஏதாவதொரு ஆசையைச் சுமந்துகொண்டு சிலர் இறங்குவார்கள். வெள்ளை சூட் போட்ட தீவின் அதிபதி வராந்தாவில் நின்று கோப்பையை உயர்த்துவார். வந்தவர்களின் ஆசை நிறைவேறும். நிறைவேறிய பிறகுதான் அழுவார்கள்.

வீடு என்பது பேச்சுக்கு. முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்னால் சுற்றிப் போனால் முட்டுக்கொடுத்த சட்டங்கள், மணல் மூட்டைகள், முழங்கால் உயரக் களை, பூனை மூத்திர நாற்றம். கதவுக்குப் பின்னால் ஒரு பலகைத் தட்டு உண்டு. நடிகர் அதில் ஏறி நின்றுகொண்டு, கூப்பிட்டதும் கதவைத் திறந்து வீட்டுக்குள்ளிருந்து வருவதுபோல வருவார். கதவில் சாவித்துவாரம்கூடக் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பெயின்டால் வரைந்திருந்தார்கள்.

வெர்னின் வேலை நிற்பது. அதிபதியாக நடிக்கும் கார்ல்டனின் உயரம், அவருடைய தோள் அகலம் அவனுக்கு. விளக்குகளைச் சரிபார்க்கும் நேரம் முழுக்க அவருக்குப் பதிலாக அவன் வெயிலில் நிற்பான். எல்லாம் சரியானதும் கார்ல்டன் குளிரூட்டிய அறையிலிருந்து வருவார், அவன் விலகிக்கொள்வான். சில சமயம் தூரத்துக் காட்சிகளில் அவனுடைய முதுகைப் படம்பிடிப்பார்கள். ஃப்ரெஸ்னோவில் இருக்கும் மகள் ஒருமுறை தொலைபேசியில் சிரித்தாள்.

"அப்பா, இந்த வாரமும் உங்க முதுகப் பாத்தோம். நல்லா நடிச்சிருந்துச்சு."

அவனும் சிரித்து வைத்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வசனம். திரையில் ஒரே ஒரு வசனம் பேசினால் போதும், நடிகர் சங்கம் அவனை நடிகன் என்று ஒத்துக்கொள்ளும். அதனாலேயே துணை நடிகர்கள் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். விருந்துக் காட்சியில் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் உதட்டைத்தான் அசைப்பார்கள், சத்தம் வராது. அந்த இரைச்சலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் தர்பூசணி, முலாம்பழம் என்று மாற்றி மாற்றி உதட்டை அசைப்பார்கள். பழையவர்கள் வீட்டுக்காரனைத் திட்டுவார்கள். நின்று நின்று வெர்னுக்கு உதடு படிக்க வந்துவிட்டது. வேறு எதுவும் வரவில்லை.

மதியம் கோனி ஓடி வந்தாள்.

"வெர்ன், உன் நல்ல நேரம். பணியாளா நடிக்க வேண்டிய ஆளு வரல. நெருப்பால மலை ரோட்ட மூடிட்டாங்களாம். சாயங்காலம் அந்த வசனத்த நீ சொல்றியா?"

"என்ன வசனம்?"

"'உங்க படகு வந்தாச்சு, ஐயா.' அவ்ளோதான். கதவத் திறக்கற, சொல்ற, முடிஞ்சுது. சொதப்பினா ஹாலோரன் என்னத் தின்னுடுவாரு."

அவள் போன பிறகு, கையிலிருந்த ரொட்டியை அவன் மயிலுக்கே போட்டுவிட்டான்.

சாயங்காலக் காட்சிக்கு விளக்குப் போட ஆரம்பித்தார்கள். வெர்ன் வராந்தாவில், கார்ல்டனின் இடத்தில், காலிக் கோப்பையோடு நின்றான். புல்வெளியில் துணை நடிகர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒத்திகைதான், யாரும் நடிக்க வேண்டியதில்லை.

ஒருவன் மட்டும் நடித்துக்கொண்டிருந்தான்.

பழங்காலத்து லினன் கோட்டு, தொப்பி, கையில் பெட்டி. குளத்துப் பக்கமிருந்து படிகளை நோக்கி வந்தான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. முகத்தில் நிழல் விழுந்திருந்ததால் உதடுகள்தான் தெரிந்தன. அவை அசைந்துகொண்டே இருந்தன. சத்தமில்லை.

எவனோ புதுசு, ஆர்வக்கோளாறு என்று வெர்ன் நினைத்தான்.

லினன் கோட்டுக்காரன் படியேறினான். கிட்டே வர வர நாற்றம் வந்தது. தேங்கிய தண்ணீர், பாச்சை உருண்டை. வெர்னுக்கு நேர் எதிரே நின்றான். ஒரே உயரம். ஒரே தோள் அகலம்.

வெர்ன் உதட்டைப் படித்தான்.

நான் ஒரு தடவை பேசணும்.

திரும்பத் திரும்ப அதே.

வெர்னுக்குச் சிரிப்பு வந்தது. 'நீயுமாடா' என்று நினைத்துக்கொண்டான். கேமராவுக்குப் பக்கத்தில் ஹாலோரன் நிமிர்ந்து தன்னைப் பார்ப்பதைக் கவனித்தான். தன் குரலை அவருக்குக் காட்ட இதைவிட நல்ல சமயம் வராது. கோப்பையை உயர்த்தினான். கார்ல்டன் வாராவாரம் சொல்வதை, கார்ல்டனைவிட நன்றாக, நெஞ்சிலிருந்து எடுத்துச் சொன்னான்.

"வாங்க. உங்க ஆசை எதுவா இருந்தாலும் இந்தத் தீவுல நிறைவேறும். என் வாக்கு."

புல்வெளியில் யாரோ விசிலடித்தார்கள். ஹாலோரன் கத்தினார்: "யாருய்யா அது? கார்ல்டனே வந்துட்டானோன்னு பயந்துட்டேன்! சாயங்காலமும் இதே குரல் வேணும், கேட்டியா?"

எதிரே நின்றவன் தொப்பியைத் தொட்டு வணங்கினான். வெர்னைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டான்.

உள்ளே.

வெர்ன் படியிறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். சட்டங்கள். மணல் மூட்டைகள். களைச்செடி ஒன்றுகூட மிதிபடவில்லை. பலகைத் தட்டில் ஈரச் செருப்புத் தடங்கள் இருந்தன. கதவிலிருந்து ஆரம்பித்தவை, பலகையின் பாதியில் முடிந்துபோயிருந்தன.

மயில்கள் கத்துவதை நிறுத்தியிருந்தன. நாள் முழுக்க ஒலிப்பதிவைக் கெடுத்து மில்டிடம் வசை வாங்கிய மயில்கள். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மில்டின் வண்டியருகே போனான். மில்ட் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.

"நல்லாத்தான் பேசின. ஆனா யாரப் பாத்துய்யா பேசின? அங்க யாருமே இல்லியே."

வெர்ன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"உன் வசனம் முடிஞ்சதும் மைக்ல ஒரு மூச்சு கேட்டுச்சு. நீ விட்டதா? தண்ணிக்குள்ளேர்ந்து மேல வந்தவன் இழுக்கற மாதிரி..." மில்ட் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "அட, வாய மட்டும் அசைக்கறான் பாரு! பழக்கதோஷம்! இன்னிக்கு நீ நடிகன்ப்பா, சத்தம் போடலாம்!"

வெர்ன் மறுபடி முயன்றான். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, தொண்டை நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கரகரப்புகூட இல்லை. மில்ட் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்தான். உப்புப் போட்டுக் கொப்பளித்தான். புகை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சாம்பல் காற்று, அவ்வளவுதான். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கோனியிடம் நீட்டியிருக்கலாம். நீட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். புல்வெளியில் கிடப்பவர்களில் எவனையாவது எழுப்பி அந்த வசனத்தைக் கொடுத்துவிடுவாள்.

உதட்டை அசைத்தால் போதும், குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தான்.

டோரதி அவனுடைய கறுப்பு டையை அவிழ்த்துவிட்டுப் பணியாளுக்கான சிவப்பு டை கட்டினாள். "கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"தயாரா, வெர்ன்?" கோனி கேட்டாள். "வெளிச்சம் இறங்குது, ஒரே டேக்தான்."

தலையாட்டினான்.

பலகைத் தட்டில் ஏறி, கதவுக்குப் பின்னால் நின்றான். சூரியன் மலைப்புகைக்குள் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. பலகை இடுக்குகள் வழியே வந்த ஒளி அவன் கோட்டின் மேல் கோடு கோடாக விழுந்தது. முன்பக்கம் கார்ல்டனின் குரல் கேட்டது. துணை நடிகர்கள் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பூனை மூத்திர நாற்றம் இல்லை என்பதைக் கவனித்தான்.

தேங்கிய தண்ணீர். பாச்சை உருண்டை.

காலடியில் பலகை மெத்தென்று இருந்தது. குனிந்தான். சிவப்புக் கம்பளம்.

"ஆக்‌ஷன்!"

கைப்பிடியைப் பிடிக்கப் போனான். அவன் தொடுவதற்கு முன்பே அது திரும்பியது. கதவு கையகலம் திறந்தது.

வராந்தாவில், சிவந்த வெயிலில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காலையில் ஷேவ் செய்தபோது காதுக்குக் கீழே விழுந்த வெட்டு. டோரதி தைத்துக்கொடுத்த காலர் ஓரம். அந்த முதுகை வெர்னுக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும்.

"உங்க படகு வந்தாச்சு, ஐயா."

வெர்னின் சொந்தக் குரல். நெஞ்சிலிருந்து எடுத்த குரல்.

"கட்! பிரமாதம்!" ஹாலோரன் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கோனி துள்ளினாள். "எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த இத, இத்தன வருஷமா?"

"இங்கதான் இருந்தேன்மா," என்றது வெர்னின் குரல். "யாரும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள்.

வெர்ன் கத்தினான். வயிற்றிலிருந்து, முழு பலத்தோடு. உதடுகள் அசைந்தன.

வெளியே நின்றவன் லேசாகத் திரும்பினான். சிவப்பு டை. வெர்னின் முகம். கதவிடுக்கு வழியாக வெர்னின் உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். படித்தான். படித்துவிட்டுத் தலையசைத்தான். ஒத்திகைக்கு நடுவே துணை நடிகன் ஒருவன் ஏதோ கேட்கும்போது கார்ல்டன் தலையசைப்பாரே, அதே மாதிரி.

வெர்ன் கதவைப் பிடித்து இழுக்கக் கையைத் தூக்கினான். கையில் பெட்டி இருந்தது. அதன் கைப்பிடி ஈரமாக இருந்தது. கால்சட்டை முழங்கால் வரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது.

பின்னால் துணி உரசும் சத்தம்.

திரும்பிப் பார்த்தான்.

கம்பளம் நீண்டு போனது. மங்கலான தொங்குவிளக்குகளின் கீழே நீளமான கூடம். ஆண்களும் பெண்களும், தொப்பியும் பெட்டியுமாக, சுவர் வரை நெருக்கியடித்து நின்றார்கள். எல்லாக் கண்களும் அவனுக்குப் பின்னால் இருந்த கதவின் மேல். எல்லா உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சத்தமில்லை. அத்தனையையும் அவனால் படிக்க முடிந்தது. எல்லாம் வராந்தாவில் படித்த அதே வாக்கியம்.

முன்வரிசையில் இருந்தவர்கள், அவனுக்கு இடம்விட்டு, கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள்.

வெளியே கார் சாவியைக் குலுக்கும் சத்தம் கேட்டது. "வரேன் மில்ட். பொண்ணுக்கு போன் பண்ணணும். இந்த வாரம் முகத்தப் பாக்கச் சொல்லணும்."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பெயின்டில் வரைந்த அந்தச் சாவித்துவாரத்தில், வெளிப்பக்கமிருந்து, சாவி ஒருமுறை திரும்பியது.