பேச்சியின் குரல் இருந்த டிவி

"அந்த வீட்டுல சண்டை அதிகமா?"

பழைய பொருட்கள் விற்கும் ரெஜினாவின் இணையதளத்துக்கு அன்று வந்த முதல் கேள்வி இது. பழைய மிக்ஸி ஒன்றை வாங்க நினைத்த பெண் கேட்டிருந்தாள். மோட்டார் ஓடுமா, ஜார் உண்டா என்றெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லை. "மாமியாரும் மருமகளும் பாட்டுப் பாடிக்கிட்டே அரைப்பாங்க. சண்டை கம்மி" என்று ரெஜினா பதில் போட்டாள். மிக்ஸி உடனே விற்றுப்போனது.

எல்லாம் காந்தத்தடத்தைக் கண்டுபிடித்ததால் வந்த மாற்றம். காந்தமும் கம்பிச்சுருளும் உள்ள எந்தப் பொருளும், சுற்றிலும் நடக்கும் பேச்சின் அதிர்வைத் தனக்குள் மெல்லிய தடமாகப் பதித்துக்கொள்கிறது. சுவிட்ச் போடாமல் கிடந்தாலும் பதித்துக்கொள்கிறது. தடங்கேளி என்ற சிறு கருவியை அதன்மேல் ஒட்டினால் பழைய பேச்சு திரும்பக் கேட்கும். காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்த ரேடியோக்களுக்கும் டிவிகளுக்கும் ஒரே வருடத்தில் மவுசு ஏறியது. தனியாக இருந்தவர்கள் அடுத்தவர் வீட்டுப் பேச்சை வாங்கித் தங்கள் வீட்டில் ஓடவிட்டார்கள்.

தடத்தைப் படியெடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. விற்பனைக்காக ஒரு நிமிட மாதிரி போடலாம், அவ்வளவுதான். பெரிய சந்தைத் தளங்கள் பொருள் விற்றதும் மாதிரியையும் அழித்துவிடும். ரெஜினா அழிக்கவில்லை. என்றாவது அந்தக் குடும்பத்தில் ஒருவர் வந்து கேட்கக்கூடும் என்று எல்லாவற்றையும் தன் தளத்திலேயே வைத்திருந்தாள். அதற்காகவே தூத்துக்குடி வீட்டின் பின்னறையில் இரண்டு பழைய கணினிகள் ஓயாமல் ஓடின. மின்சாரம் போனாலும் தளம் நிற்காமல் பார்த்துக்கொள்வது அவள் கணவர் பாஸ்கோவின் வேலை.

அப்படித்தான் இசக்கிராஜ் வந்து சேர்ந்தார். முதலில் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், அந்தக் கலர் டிவி மாதிரியில 'அண்ணே, என் பேனாவ எடுத்தியா'ன்னு ஒரு பிள்ளை கேக்குதுல்லா? அது என் தங்கச்சி. பேச்சி."

"சார், அது போன வருசமே வித்துப்போச்சே."

"அவ செத்து ரொம்ப வருசமாச்சு மேடம். குரல் எப்படி இருக்கும்னே மறந்துட்டேன். இந்த ஒரு நிமிசத்தக் கேட்டப்புறம் தூக்கமே வரல."

டிவியை வாங்கியவர் ஆவுடையப்பன், கோவில்பட்டியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிவியில் பேசும் பிள்ளையின் அண்ணன் வருவதாக அவரிடம் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு ரெஜினா இசக்கிராஜை அழைத்துப் போனாள். அவர்கள் வாசலுக்குப் போனபோது உள்ளே ஒரு சிறுமியின் குரல் வாய்ப்பாட்டைச் சத்தம்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தது. இசக்கிராஜ் செருப்பைக் கழற்றியவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். "இசக்கியா? மார்க் அட்டைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்ச இசக்கியா நீ?"

இசக்கிராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஆமாய்யா."

"வா, வா, உள்ள வா. இந்தப் பிள்ளை உன்னயக் காட்டிக் குடுக்கவே இல்ல, தெரியுமா? உங்க அப்பா அவ்வளவு மிரட்டியும் வாயத் தொறக்கலையே! பேச்சி இப்ப எங்க இருக்கா? கட்டிக் குடுத்தாச்சா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சி இறந்ததை அனுமதி கேட்டபோதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"காய்ச்சல்ல போயிட்டாய்யா. பத்தாவது படிக்கையில. அதுக்கப்புறம் அப்பா டிவியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு."

ஆவுடையப்பன் டிவியின் தலைமேல் கையை வைத்தபடி நின்றார். உள்ளே பேச்சி பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"டீச்சராயிருப்பான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அவர்.

மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். அவள் பேனாவைத் தேடினாள், அம்மாவிடம் தோசைக்குச் சர்க்கரை கேட்டாள், அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவனைத் திட்டினாள். பொழுது சாயும்போது ஆவுடையப்பனே எழுந்து தடங்கேளியை எடுத்தார். டிவியின் ஒயரைச் சுருட்டி, ஒரு பழைய வேட்டியில் கவனமாகச் சுற்றினார்.

"கொண்டு போப்பா. உங்க வீட்டுப் பிள்ளை. போயிட்டான்னு தெரிஞ்சப்புறம் என்னால கேக்க முடியாது." பிறகு ரெஜினா பக்கம் திரும்பினார். "எனக்கு வேற வீடு ஒண்ணு பாத்துக் குடுங்கம்மா. நல்லாப் பேசுற வீடா."

ரெஜினா மறுநாளே தேடத் தொடங்கினாள். பழைய காலத்துப் பொருட்கள் அநேகமாக விற்றுத் தீர்ந்திருந்தன. இப்போது வருவதெல்லாம் கண்டுபிடிப்புக்குப் பிறகு புழங்கியவை. இரண்டு குழந்தைகள் வளர்ந்த வீட்டு ஸ்பீக்கர் ஒன்றில் தடங்கேளியை வைத்தாள். நாற்காலி இழுபடும் சத்தமும் தட்டில் கரண்டி படும் சத்தமும் வந்தன. இன்னொரு வீட்டு மின்விசிறியில் கதவு சாத்தும் ஓசை மட்டும் இருந்தது. ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் பதிந்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியாகக் கொண்டுவந்த நாளிலிருந்து, சொல்ல வேண்டியதை வீட்டுக்குள்ளேயே எழுத்தில் அனுப்பிக்கொள்ள எல்லோரும் பழகிவிட்டிருந்தார்கள். அடுத்தவர் வீட்டுப் பேச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அலமாரியில் மிச்சமிருந்தது அவளுடைய சொந்த ஸ்பீக்கர்தான். இந்த அறையிலேயே வருடக்கணக்காக இருப்பது. நாங்களாவது ஏதாவது பேசியிருப்போம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு தடங்கேளியை அதன்மேல் ஒட்டினாள்.

கணினிகளின் இரைச்சல். விசைப்பலகைச் சத்தம். பாஸ்கோவின் தும்மல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். மறுபடி தும்மல்.

ரெஜினா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். மூன்றடி தள்ளி பாஸ்கோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?"

சத்தமாகத்தான் கேட்டாள். பாஸ்கோ பதறிப்போய்த் திரும்பினார். உதட்டில் விரலை வைத்து, ஸ்பீக்கரைக் காட்டினார்.

"கேக்கட்டும்" என்றாள் ரெஜினா.

அவர் கை பழக்கத்தில், பதிலை எழுதி அனுப்ப விசைப்பலகைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. தொண்டையைச் செருமினார். முதல் முறை காற்றுதான் வந்தது.

"ரசம்" என்றார். அவருக்கே அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது.