நான்கு நிமிடப் பப்பாளிப் பால்

மாலை ஆறு நாற்பத்திரண்டு.

தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. ஐந்தாம் மாடியிலிருந்து சின்-யூ இரண்டு பைகளோடு ஓடி இறங்கினாள். ஒன்றில் குப்பை. மற்றதில் காலிப் பாட்டில்கள். பின்னால் அண்ணன் போ-ஹான் காய்கறித் தோல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு கையில் வாளி, ஒரு கையில் மூக்கு.

சந்து முழுக்க ஆட்கள் பைகளோடு நின்றார்கள். முதல் வண்டியில் குப்பையைப் போட வேண்டும். பின்னாலேயே வரும் இரண்டாம் வண்டியில் பாட்டில், தாள், டப்பா என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாம் வண்டியின் பின்படியில் நின்றுகொண்டு வந்தவர் சின்-யூவின் அம்மா.

"பாட்டிலை நசுக்கிக் கொண்டுவாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" அம்மா எல்லோரையும் போலவே மகளையும் அதட்டினார்.

"நசுக்கித்தான் இருக்கு, மேடம்!"

சந்து சிரித்தது. முகக்கவசத்துக்கு மேலே அம்மாவின் கண்களும் சிரித்தன.

பிறகு அந்தக் கண்கள் மூடிக்கொண்டன. அம்மா வண்டியின் கம்பியைப் பிடித்தபடி ஒரு நொடி அப்படியே நின்றார். வேறு யாரும் கவனிக்கவில்லை. சின்-யூ கவனித்தாள்.

போன வாரமும் இப்படித்தான். தலை சுற்றி, ஓட்டுநர் ஆ-ஷெங் அம்மாவைச் சாலையோரம் உட்காரவைத்தாராம். மதியம் இரண்டு மணிக்கு ஏறினால் இரவு பத்து மணி வரை வேலை. நடுவே சாப்பிட நேரம் கிடையாது. கையுறையெல்லாம் அழுக்கு. அதோடு எதைத் தொட்டுச் சாப்பிடுவது?

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கறேன்" என்பார் அம்மா. எப்போதும் அதுதான்.

வண்டி அதிக நேரம் நிற்பது இந்தச் சந்தில்தான். ஆட்கள் நிறைய. நான்கு நிமிடம் நிற்கும்.

*

அன்று சாப்பாட்டு மேஜையில் ஓர் அட்டை இருந்தது. முனைக்கடையில் ஏதாவது வாங்கினால் ஒரு ஸ்டிக்கர் கொடுப்பார்கள். அட்டை நிறைந்தால் ஒரு மிக்ஸி. மூன்று மாதமாகச் சேர்த்து, அன்றுதான் நிறைந்திருந்தது. அத்தனை ஸ்டிக்கரையும் ஒட்டியவள் சின்-யூ. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

கடை கொடுத்த தாளில் மூன்று மிக்ஸிகளின் படம் இருந்தது. பெரியது ஒன்று, வயரோடு. முயல் படம் போட்ட ரோஸ் நிற மிக்ஸி ஒன்று, அதுவும் வயரோடு. மூன்றாவது தண்ணீர்ப் பாட்டில் அளவுக்கு ஒரு குட்டி. அதை போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அடிக்கிற கப்பிலேயே குடித்துக்கொள்ளலாம்.

"பெருசுதான். ஐஸை மாவா அரைக்கும்" என்றார் அப்பா. ஸ்கூட்டர் பழுது பார்ப்பவர். மோட்டார் பெரிதாக இருந்தால் போதும் அவருக்கு.

"பெருசுதான்" என்றான் போ-ஹான். "அந்தக் குட்டி இருக்கே, அது மிக்ஸியே இல்ல. விசிறி."

"ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். ஆனா முடிவு சின்-யூவோடது. ஒட்டினவ அவதானே" என்றார் அப்பா.

சின்-யூ நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு எந்தப் பொருள் வாங்குவது என்று அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

"அம்மாவுக்கு பப்பாளிப் பால் பிடிக்கும் இல்ல?"

"உயிர்" என்றார் அப்பா.

பழுத்த பப்பாளியும் பாலும் சேர்த்து மிக்ஸியில் ஓர் அடி. அவ்வளவுதான் பப்பாளிப் பால். குடித்தால் வயிறும் நிறையும்.

"அதை சந்துல வண்டி நிக்கும்போது அம்மாவுக்குக் குடுக்கப் போறேன். ஸ்ட்ரா போட்டு நானே பிடிச்சுக்கிட்டா, அம்மா கையே வைக்க வேணாம்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்படின்னா பெருசுதான்!" என்றான் போ-ஹான்.

சின்-யூவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் உடனே கடைக்குப் போகவில்லை. கீழ்த்தளத்தில் ஆ-குய் அத்தை காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். மதியமே கதவை இறக்கிவிடுவார். அவரிடம் அதே பெரிய மிக்ஸி இருந்தது.

"அத்தை, ஒரு நாளைக்கு இதைத் தரீங்களா? அடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணணும்."

"அடேயப்பா, முதலாளியம்மா!" அத்தை மிக்ஸியைத் துடைத்துக் கொடுத்தார். "கவனம். பிளேடுல விரலை விட்டுடாத."

*

வியாழக்கிழமை மாலை ஆறு முப்பத்தைந்துக்கே சின்-யூ பப்பாளிப் பாலை அடித்துவிட்டாள். மீதியிருந்த பழத்தில் ஒரு துண்டைத் தின்று பார்த்தாள். தேன். கப்பில் ஊற்றி, மூடி போட்டு, ஸ்ட்ரா குத்திக்கொண்டு சந்தில் போய் நின்றாள்.

அன்று பார்த்து வண்டி தாமதம். ஆறு ஐம்பத்தெட்டுக்குத்தான் வந்தது.

சின்-யூ எட்டி அம்மாவின் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டாள். அம்மா குனிந்து உறிஞ்சினார். விழுங்கினார்.

"பிரமாதம்" என்றார்.

"எனக்கு ஒரு வாய்!" ஆ-ஷெங் மாமா ஜன்னல் வழியே தன் குவளையை நீட்டினார். கொஞ்சம் ஊற்றிக்கொண்டு குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. "அய்யய்யோ! என்ன பாப்பா இது, பாகற்காய்ப் பாலா?"

அம்மா அவரை ஒரு முறை முறைத்தார். அதற்குள் சந்து முழுக்கச் சிரித்துவிட்டது. சின்-யூவின் காதுகள் சூடாயின.

வண்டி போனதும் அவளே குடித்துப் பார்த்தாள். மாமா சொன்னது பொய் இல்லை.

"பழம் கெட்டதுடி" என்றான் போ-ஹான், படியேறும்போது.

"இல்ல. நான் தின்னு பார்த்தேன்."

"அப்போ பால்."

"காலையில நீதானே குடிச்ச?"

போ-ஹான் யோசித்தான். "அப்போ நீ."

சின்-யூ கப்பை முகர்ந்து பார்த்தாள். பழம் நல்ல பழம். பால் நல்ல பால். இரண்டும் சேர்ந்தபின் என்ன நடந்தது?

*

சனிக்கிழமை மதியம் மறுபடி மிக்ஸியை இரவல் வாங்கினாள். பப்பாளிப் பால் அடித்து நான்கு கப்பில் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி எழுதினாள். இப்போது. ஐந்து நிமிடம். பதினைந்து நிமிடம். அரை மணி.

"ருசி பார்க்க ஆள் வேணும்" என்றாள்.

"சம்பளம்?"

"பப்பாளிப் பால்."

போ-ஹான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "டாக்டர், நோயாளி தயார்."

முதல் கப். "தேன்."

ஐந்து நிமிடம் ஆனதும் இரண்டாம் கப். "தேன். இன்னும் கொஞ்சம் ஊத்து."

பதினைந்து நிமிடம் ஆனதும் மூன்றாம் கப். நாக்கைச் சப்புக்கொட்டினான். "ம்... ஏதோ ஓரமா கசக்குது."

அரை மணி ஆனதும் நான்காம் கப்பை வாயில் கவிழ்த்தான். ஒன்றும் வாய்க்குள் வரவில்லை. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தான். பால் கெட்டியாக உறைந்து போயிருந்தது.

"இதை குடிக்க முடியாதுடி. கத்தியால வெட்டணும்." கொஞ்சம் நக்கிப் பார்த்தவன் குழாயடிக்கு ஓடினான்.

சின்-யூ நோட்டில் எழுதினாள்: சேர்த்தால் உடனே குடிக்க வேண்டும்.

"அப்போ பாட்டு கேட்டதும் அடி. தூக்கிட்டு ஓடு" என்றான் போ-ஹான், வாயைத் துடைத்துக்கொண்டே.

அதையும் செய்து பார்த்தார்கள். போ-ஹான் கைக்கடிகாரத்தோடு சந்தில் நின்று, குப்பை வண்டி மாதிரியே பாடினான். எதிர்வீட்டு நாய் குரைத்தது. சின்-யூ அடித்து, ஊற்றி, மூடி, ஐந்து மாடி இறங்கி வந்தாள். கப்பில் பாதிதான் இருந்தது. மீதி படிக்கட்டில்.

"அஞ்சு நிமிஷம் பத்து வினாடி. வண்டி போயாச்சு" என்றான்.

அவள் மூச்சு வாங்கியபடி மேலே பார்த்தாள். ஐந்தாம் மாடி ஜன்னல். அங்கே சமையலறை. அங்கே மிக்ஸி. அதன் வயர் சந்து வரைக்கும் வராது.

"அண்ணா."

"ம்?"

"நமக்கு அந்த விசிறிதான் வேணும்."

பிறகு துணியை நனைத்துக்கொண்டுவந்து இரண்டு பேரும் ஐந்து மாடிப் படிக்கட்டையும் துடைத்தார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை முனைக்கடையில் கூட்டம். "பெருசு ரெண்டுதான் பாக்கி. எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்க" என்றார் கடைக்காரர்.

அப்பா பெரியதைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

சின்-யூ அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். "குட்டி."

"நிஜமாவா? இது ஐஸ் அரைக்காதே, பாப்பா."

"ஐஸ் வேணாம். பாலையே நல்லா குளிர வச்சுக்குவேன். எங்களுக்கு வயர் இல்லாததுதான் வேணும்."

வெளியே வந்ததும் அப்பா குட்டி மிக்ஸியை வாங்கி, ஸ்கூட்டர் பாகத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்ன மோட்டார். நாப்பது வினாடிக்கு மேல ஓட்டாத. சூடாயிடும்."

"சரிப்பா."

"பழத்தை பொடியா வெட்டு. பகடை சைசுக்கு."

"சரிப்பா."

"நல்லா யோசிச்சிருக்க" என்றார் அப்பா, ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே.

*

திங்கட்கிழமை. சின்-யூ சந்தில் நின்றாள். ஒரு டப்பாவில் பப்பாளித் துண்டுகள். ஒரு பாட்டிலில் குளிர்ந்த பால். கையில் குட்டி மிக்ஸி. சட்டைப் பையில் ஸ்ட்ரா.

"என்ன அது?" ஆ-குய் அத்தை கேட்டார்.

"மிக்ஸி, அத்தை."

"தெருவுலயா?"

"வண்டி தெருவுலதானே வருது?"

ஆறு நாற்பத்திரண்டு ஆயிற்று. பாட்டு இல்லை. ஆறு ஐம்பது. இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"போட்டுக் காட்டு, அக்கா!"

"பாட்டு வரட்டும்."

"இந்நேரம் பக்கத்துத் தெருவுல இருக்கும். போட்டுடு" என்றான் போ-ஹான்.

"பாட்டு வரட்டும், அண்ணா."

ஆறு ஐம்பத்தாறுக்குப் பாட்டு வந்தது.

சின்-யூ பழத்தைக் கொட்டினாள். பாலை ஊற்றினாள். மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தினாள்.

மிக்ஸி "உர்" என்றது. நின்றது. சிவப்பு விளக்கு மினுக்கியது.

"அவ்வளவுதான்" என்றான் ஒரு சிறுவன்.

முதல் வண்டி சந்துக்குள் திரும்பியது. பின்னால் இரண்டாவது. சின்-யூ கப்பைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். துண்டுகள் எல்லாம் அடியில் பிளேடைச் சுற்றிச் சிக்கிக் கிடந்தன. முதலில் பழம் போட்டு, மேலே பால் ஊற்றியதன் பலன்.

கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இரண்டு குலுக்கு. துண்டுகள் பிளேடை விட்டு நகர்ந்தன. கவிழ்த்த கப்பை நிமிர்த்தி, மறுபடி அழுத்தினாள்.

ஓடியது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." சிறுவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பையோடு நின்ற பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாப்பது!"

ஆரஞ்சு நிறத்தில் நுரை பொங்கியது. இரண்டாம் வண்டி அவள் முன்னால் வந்து நின்றது.

முகக்கவசத்தை இழுத்துவிட்டு, ஸ்ட்ராவை நீட்டினாள். அம்மா குனிந்தார். ஓர் உறிஞ்சு. தலையை எடுக்கவில்லை. இன்னோர் உறிஞ்சு. கப்பின் அடியில் "சர்ர்ர்" என்று சத்தம் வரும்வரை அம்மா நிமிரவே இல்லை.

நிமிர்ந்தபோது மேலுதட்டில் ஆரஞ்சு மீசை.

"பிரமாதம்" என்றார்.

"வியாழக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

"அன்னிக்கு சொன்னது அம்மா. இன்னிக்கு சொல்றது வண்டிக்காரி." அம்மா கையுறையைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நெற்றியால் மகளின் நெற்றியை மெல்ல முட்டினார். "யாரு சொல்லிக் குடுத்தாங்க இதை?"

"யாரும் இல்ல. நானே அடிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

"குடிச்சுப் பார்த்தது நான்!" போ-ஹான் பின்னாலிருந்து கத்தினான். "வாய் இன்னும் கசக்குது!"

அம்மா உரக்கச் சிரித்தார். பிறகு முகக்கவசம் மேலே ஏறியது. "சரி, சரி! பாட்டிலை நசுக்கிக் குடுங்க! வரிசையா வாங்க!" அந்தக் குரல் சந்தின் மறுகோடி வரை கேட்டது.

நான்கு நிமிடம் முடிந்தது. வண்டி கிளம்பியது. பின்படியில் அம்மா நேராக நின்றார். கண்களைத் திறந்து, நேராக மகளைப் பார்த்தபடியே போனார். சின்-யூ காலிக் கப்பை உயர்த்தி ஆட்டினாள். வண்டி திரும்பிய பிறகும் ஆட்டினாள்.

அப்போது இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இரண்டு பைகளோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். வண்டியைத் தவறவிட்டுவிட்டார். சந்து முனையில் மறையும் வண்டியின் வாலையும், கப்பை ஆட்டும் சிறுமியையும்தான் அவர் பார்த்தார்.

"ஏம்மா, குப்பை வண்டிக்கு இப்படிக் கையாட்டறியே, அதுல போறவங்க உனக்கு யாரு?"

"எங்கம்மா!" என்றாள் சின்-யூ.