இரண்டு டெராபைட் பிணம்

போன் அலறியது.

நல்லம்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பிரிண்டரின் வயிற்றைப் பிளந்து குடலைத் துழாவிக்கொண்டிருந்தாள் ஸ்டெஃபி. 'ஸ்டெஃபி கம்ப்யூட்டர் சர்வீஸ்' கடையின் முதலாளி, மெக்கானிக், கூட்டிப் பெருக்குபவர் எல்லாமே அவள்தான்.

"பாப்பா..."

அப்பா கஸ்பார். 

"சொல்லுப்பா."

"மேனேஜர் குப்புராஜ் செத்துட்டாரு. நான்தான் கொன்னேங்கிறாங்க பாப்பா!"

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது.

இருபது நிமிடத்தில் அவளுடைய ஸ்கூட்டர் தொப்பூரில் நின்றது. 'மாதவம் ஹைவே ஹோட்டல்'. கஸ்பார் அங்கே வாட்ச்மேன். பரோட்டாவுக்கு ஒதுங்கும் லாரிகளை விசில் ஊதி வரிசைப்படுத்துவது வேலை.

ஹோட்டலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஷெட். அதற்குள் வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள்... குப்புராஜ்! பின்மண்டை பிளந்திருந்ததாம்.

பிணத்துக்கும் முன்னால் கண்ணில் பட்டவர் ஹோட்டல் அதிபர். கொடை வள்ளல், கல்விக் காவலர், டாக்டர் மாதவராஜ். அந்த டாக்டர் பட்டம் பெங்களூரில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் வைத்து வழங்கப்பட்டது. இன்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். முப்பது அடி உயர ப்ளைவுட் கட்-அவுட் மாதவராஜ் ஒருவரும் கைகூப்பியபடி ஷெட்டை ஒட்டிப் பாதி சாய்ந்திருந்தார். அவரை நான்கு பேர் கயிறு கட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆடிக்காற்று சாய்த்துவிட்டதாம்.

"நீதான் பொண்ணா?"

இன்ஸ்பெக்டர் சென்னப்பன். அறைக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றாதவர்.

"ஆமாங்க சார். எங்கப்பா ஒரு எறும்பக்கூட..."

"எறும்பு கேஸ் இல்லம்மா இது. காலைல லீவு கேட்டு உங்கப்பனுக்கும் மேனேஜருக்கும் சண்டை. கம்ப்யூட்டர் ரூம் சாவி உங்கப்பன்கிட்ட. ரெண்டு பத்துக்கு ஹோட்டல்ல இருக்குற அத்தன கேமராவும் நின்னுடுச்சி. மூணு மணிக்குப் பொணம். கேமராவ நிறுத்திட்டுக் கொன்னிருக்கான். முடிஞ்சுது!"

"ரெண்டு பத்துக்கு முன்னாடியே செத்திருக்கலாம்லங்க?"

"ரெண்டு மணிக்கு என் கையில பாயசம் குடுத்தாம்மா" என்றார் மாதவராஜ். கர்ச்சீப் கண்ணுக்குப் போனது. ஈரம்தான் வரவில்லை.

"ஐயா, நான் பன்னண்டு மணியில இருந்து கேட்டுலதான் நின்னேன்!" என்று விலங்கு மாட்டிய கையோடு கதறினார் கஸ்பார்.

"ரெண்டு பத்து வரைக்கும் நிக்கிற. கேட்டு கேமராவுல பாத்துட்டேன். அப்புறம்?"

"அப்புறமும் நின்னேங்க!"

"கேமரா சொல்லலியே!"

சென்னப்பன் வாட்சைப் பார்த்தார். நாலே கால்.

"ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறேன். உள்ள போனா பெயிலெல்லாம் சும்மா வராது."

 அழுதால் பத்து நிமிடம் வீணாகும். ஸ்டெஃபி அழவில்லை.

"சார், கேமரா ஏன் நின்னுச்சின்னு நான் பாக்கட்டுங்களா?"

"குத்தவாளி பொண்ணு ஆதாரத்துல கை வைக்கிறதா?"

"கேமரா போட்ட ஆளு சேலத்துல இருந்து நாளைக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள எங்கப்பா ஜெயில்ல இருப்பாரு. ஏட்டு சார் பக்கத்துல நின்னு நான் பண்றதெல்லாம் வீடியோ எடுக்கட்டுங்க."

சென்னப்பன் மீசையைத் தடவினார். வீடியோ என்றதும் அவருக்கு ஒரு மலர்ச்சி வந்தது.

"சரி. ஏட்டு, ஃப்ரேம்ல என்னையும் வைய்யா."

கம்ப்யூட்டர் ரூம். வாசலை மறித்தபடி மாதவராஜின் மாப்பிள்ளை நவநீதன். பி.ஈ. படித்தவர். அதை விசிட்டிங் கார்டில் பேரைவிடப் பெரிதாக அச்சடித்தவர்.

"ஒண்ணுமில்லீங்க சார், ஹேங் ஆயிருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்."

"ஒரு நிமிஷங்க" என்று அவரைத் தாண்டி உட்கார்ந்தாள் ஸ்டெஃபி. விரல்கள் ஓடின.

திரையில் ஒரே புலம்பல். இடம் இல்லை... இடம் இல்லை... இடம் இல்லை!

"சார்! யாரும் நிறுத்தலீங்க. டிஸ்க் நெறஞ்சிடுச்சி. புதுசா எழுத துளி எடமில்ல. எழுத முடியாம திணறி, ஃபைல் சிஸ்டம் தன்னைத்தானே பூட்டிக்கிச்சி. அதான் எல்லாக் கேமராவும் ஒரே நேரத்துல படுத்துடுச்சி."

"நெறப்புனது உங்கப்பனா இருந்தா?"

"எங்கப்பாவுக்கு வாட்ஸப்பே நான்தாங்க தொறந்து குடுக்கணும்."

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் சிரிப்பு இருமலாக மாறியது.

ஸ்டெஃபி கணக்குப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"என்னம்மா?"

"டிஸ்க் மொத்தம் ரெண்டாயிரம் ஜி.பி. முழுசா நெறஞ்சிருக்கு. ஆனா உள்ள இருக்குற ஃபைலயெல்லாம் கூட்டிப் பாத்தா அறுநூறுதாங்க வருது."

"மீதி ஆயிரத்து நானூறு?"

"அதாங்க சார்... கண்ணுக்குத் தெரியாம ஏதோ ஒண்ணு உள்ள உக்காந்திருக்கு!"

ஏசியிலும் நவநீதனுக்கு வியர்த்தது.

"எட்டு கேமரா இருக்கு. ஏழுக்குத்தான் வீடியோ இருக்கு. எட்டாவது எங்க மாட்டியிருக்கீங்க?" என்றாள் ஸ்டெஃபி.

 வாசலில் விலங்கோடு நின்ற கஸ்பார்தான் சொன்னார்.

"அது முதலாளி கட்-அவுட்ட பாத்து இருக்கு பாப்பா. போன வருசம் யாரோ மூஞ்சில சாணி அடிச்சிட்டுப் போயிட்டானுங்க. அதுக்காவ இந்தத் தடவ நாப்பது நாள் முன்னாடியே கேமரா வெச்சாங்க."

"மத்த கேமராவெல்லாம் மணிக்கு ஒரு ஃபைலு, பழசு தானா அழிஞ்சிடும். இதுல மட்டும் நாப்பது நாளும் ஒரே ஃபைலாப் போயிருக்கே? எந்தப் புண்ணியவான் இப்படிச் செட் பண்ணது?"

மாதவராஜ் தொண்டையைச் செருமினார். "என் உருவத்துல எங்கயும் வெட்டு விழக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அபசகுனம்மா."

"அந்த ஃபைல இன்னைக்கு யாரோ அழிச்சிருக்காங்க சார். ஒண்ணு நாப்பத்திரண்டுக்கு. ஆனா அது சாகல."

"கொழப்பாத. அழிச்சா போயிடும்ல?"

"வோட்டர் லிஸ்ட்ல பேர அடிச்சிட்டா ஆளு செத்துடுவாருங்களா? வூட்டுக்குள்ளதான இருப்பாரு! அந்த மாதிரிதான். ரெக்கார்ட் பண்ற புரோகிராம் ஃபைல இன்னும் புடிச்சிக்கிட்டு இருக்கு. அழிச்சது தெரியாம மேல மேல எழுதி, ரெண்டு பத்துக்கு டிஸ்க்க நெறச்சிடுச்சி. மெஷின ஆஃப் பண்ணாத வரைக்கும் வீடியோ முழுசா உள்ள இருக்குங்க. ஆஃப் பண்ணா..."

நவநீதனின் கை சுவிட்சை நோக்கிப் பாய்ந்தது!

"கை வைக்காதீங்க!"

ஸ்டெஃபியின் அலறலில் ஏட்டு அதிர்ந்து பின்னால் சாய்ந்தார். அவருடைய தொப்பை சரியாக சுவிட்ச் போர்டின் மேல் அமர்ந்தது. தமிழக காவல்துறையில் ஒரு தொப்பை ஆதாரத்தைக் காப்பாற்றிய அரிய தருணம் அது.

"மாப்ள சார் ஏன் அவசரப்படுறாரு?" என்றார் சென்னப்பன் மெதுவாக. முதல் முறையாகக் கூலிங் கிளாஸ் கழன்றது.

ஸ்டெஃபி தன் ஹார்ட் டிஸ்கைச் செருகினாள். புரோகிராமின் பிடியில் இருந்த ஃபைலை அதன் வழியாகவே பிடித்து, கடைசி ஒன்றரை மணி நேரத்தை மட்டும் வெளியே இழுத்தாள். பத்து சதவீதம்... நாற்பது... எழுபது... மணி ஐந்தே காலுக்கு நூறு!

வீடியோ ஓடியது.

மணி ஒன்று இருபது. கட்-அவுட்டின் அடியில் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார் குப்புராஜ். காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. முப்பது அடி மாதவராஜ் கூப்பிய கையோடு அப்படியே குப்புராஜின் மேல் விழுந்தார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தொழிலாளியின் முன்னால் அவ்வளவு குனிந்ததே இல்லை!

நிஜ மாதவராஜும் மாப்பிள்ளையும் ஓடி வந்தார்கள். நிஜ மாதவராஜ் மண்டியிட்டு... ப்ளைவுட் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பிறகுதான் அடியில் ஒரு கால் இருப்பதைப் பார்த்தார்.

அதே ஒன்று இருபதுக்கு, கேட் கேமராவில் கஸ்பார் ஒரு லாரியோடு மல்லுக்கட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு இருபதுக்கு அடிபட்டவரு ரெண்டு மணிக்குப் பாயசம் குடுத்தாருங்களா?" என்றார் சென்னப்பன்.

மாதவராஜ் பொலபொலவென்று உதிர்ந்தார்.

"விபத்துங்க இன்ஸ்பெக்டர்! சாமி சத்தியமா விபத்து! பொறந்தநாளும் அதுவுமா என் கட்-அவுட் ஒருத்தன் உசுர எடுத்துச்சின்னு பேப்பர்ல வந்தா என் பேரு என்னாவுறது? அதான் ஷெட்ல தூக்கிப் போட்டோம். ஒரு வாட்ச்மேன் உள்ள போனா யாருக்குங்க நஷ்டம்?"

"எனக்குங்க" என்றாள் ஸ்டெஃபி.



"விபத்துதான் போலிருக்கு" என்று சென்னப்பன் இழுத்தார். "பொணத்த எடம் மாத்துனது தப்பு. ஆனா கொலை இல்ல..."

"சார். வீடியோ இன்னும் முடியலீங்க."

திரையில் இருவரும் குப்புராஜை இழுத்துப் போனார்கள். ஷெட் வாசலில்... குப்புராஜின் கை அசைந்தது! மெல்ல உயர்ந்தது. மாதவராஜின் பட்டு வேட்டியைப் பற்றியது. வாய் திறந்து எதையோ கேட்டது.

மாதவராஜ் ஹைவே பக்கம் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். நவநீதன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். கதவு மூடப்பட்டது. வெளியே தாழ்ப்பாள்.

ஏட்டு போனைக் கீழே இறக்கினார். "ஆம்புலன்ஸ் வந்திருந்தா பொழச்சிருப்பாரு சார்" என்றார்.

"அத அழிச்சிடும்மா!" மாதவராஜ் ஸ்டெஃபியின் பக்கம் கைகூப்பினார். இந்த முறை ப்ளைவுட் இல்லை. "உனக்கு என்ன வேணும்னாலும் செய்றேன், அழிச்சிடு!"

"நீங்கதான் ஏற்கெனவே அழிச்சிட்டீங்களே!"

கஸ்பாரின் விலங்கு கழன்றது. அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தையாக விசும்பினார். அவளும் இப்போது அழுதாள். இனி எத்தனை நிமிடம் வீணானாலும் பரவாயில்லை.

ஜீப்பில் மாமனும் மாப்பிள்ளையும் ஏற்றப்பட்டார்கள்.

"சார், வக்கீலுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்" என்று கெஞ்சினான் நவநீதன்.

"பண்ணித் தொலை."

நவநீதன் போனைக் காதில் வைத்துக் கையால் மறைத்துக்கொண்டான்.

"ஹலோ, ஃப்ளெக்ஸ் கடையா? மாதவராஜ் மாப்ள பேசுறேண்ணே. 'ஜாமீனில் வரும் சிங்கமே வருக'ன்னு நாப்பது அடில ஒண்ணு போடுங்க... ஓரத்துல என் போட்டோவையும் வெச்சிடுங்கண்ணே, நானும்தான உள்ள போறேன்!"