கூம்பன்மலைக் கயிறு

கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து வெயில் எட்டிப்பார்க்காத பாறையில், பனியில் நனைந்து கிடந்த கயிற்றில், யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல் ஒரு பிடி அளவுக்கு மட்டும் சூடு. செல்வப்பிரியா உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பயப்படக்கூடத் தெம்பில்லை. புருஷன் எப்படி விழுந்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே தீர்ந்துபோயிருந்தாள்.

கஞ்சிக்கோட்டுக்குப் பின்னாலிருக்கும் கூம்பன்மலையில் முன்பெல்லாம் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள்தான் ஏறினார்கள். அவர்களுக்குச் சுற்றுப்பாதை போதும். கோயம்புத்தூர்க்காரர்கள் ஞாயிறுதோறும் வரத் தொடங்கியதும், நேராக ஏற இந்தச் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டியது அவள் புருஷன் மோகனசுந்தரம். ஆடி மழையில் இங்கேதான் வழுக்கி விழுந்தான். காரியம் முடிந்த மறுவாரமே கூட்டம் பழையபடி இதைப் பிடித்து ஏறியது. இன்னொரு வீட்டில் இழவு விழுவதற்குள் அறுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் சுற்றுப்பாதையில் மேலே வந்திருந்தாள். விழும் கயிற்றைச் சுருட்ட, கொழுந்தன் பூபதிராஜா பாறையடியில் நின்றான்.

முடிச்சு ஊறி இறுகியிருந்தது. அரிவாளால் அறுத்தாள். மூடுபனிக்குள் எங்கோ ரயில் கூவியது. ஈரப்புல்லின் வாடையோடு ஆலைகளின் இரும்பு வாடையும் கலந்து ஏறிவந்தது. பாதி அறுந்தபோது கயிறு விறைத்தது.

"தம்பி, கயித்தப் புடிக்காதீங்க!"

"நானெங்கீங்க அண்ணி புடிச்சேன்? கையக் கட்டிட்டு நிக்கறனுங்க. உங்குளுக்கு அருவா புடிக்கத் தெரியலையாட்ட இருக்குது."

அவன் சிரிப்பது கேட்டது. கயிறு தளரவில்லை. ஒரு இழுப்பு. மூச்சு வாங்குவதுபோல் ஒரு இடைவெளி. மறுபடி ஒரு இழுப்பு.

"நடுவால எங்கயோ சிக்கியிருக்குதுங்க. இருங்க, ஏறி எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம்! பாதி அறுத்துட்டேன்! ஏறாதீங்க தம்பி!"

காற்று அவள் குரலைத் திருப்பியடித்தது. கயிற்றில் எடை கூடியது. அரிவாளை எறிந்துவிட்டு, வெட்டுக்குக் கீழே இரண்டு கைகளாலும் பிடித்து, காலைப் பாறையில் ஊன்றினாள். உள்ளங்கை எரிந்தது. ஒரு புரி அறுந்தது. இனி அவள்தான் கயிறு. விட்டால் அவனும் போய்விடுவான்.

பாறையில் கால் உரசும் சத்தம். அவன் மூச்சு. அதை ஒட்டி இன்னொரு மூச்சு.

"அண்ணி." மிகப் பக்கத்தில். கம்மிய குரல். "என்ர மேல ஏறுதுங்க."

விட முடியாது.

விளிம்பில் ஒரு கை. பூபதியுடையது. இன்னொரு கை. அதுவும் அவனுடையதுதான். இரண்டும் நடுங்கின.

அவற்றுக்கு நடுவே, நடுங்காமல், நிதானமாக, மூன்றாவது கை வந்து அவள் விரல்களுக்கு அடுத்தாற்போல் கயிற்றைப் பற்றியது.