காணாமல் போன இருபது குதிரைகள்

டமார்!

விசாலத்தின் கையிலிருந்த பிளேன் டீ பாதி தரையிலும் பாதி சுடிதாரிலும் கொட்டியது. ஒருகொடவத்தைத் தெருவில் ஓடும் கொள்கலன் லொறிகளின் இரைச்சலுக்குப் பழகிய காதுதான். ஆனாலும் இது வேறு... வெடிச் சத்தம்!

"மிஸ், வாறது காரா, கல்யாண வெடியா?" என்று எட்டிப் பார்த்தான் மெக்கானிக் ஸமீம்.

கொட்டும் மழையில் கேட்டுக்குள் வந்து நின்றது, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. தலைக்கு மேல் பத்திரிகையைப் பிடித்தபடி ஒருவன் இறங்கினான். நனைந்த இமைகளுக்குக் கீழே... அப்பப்பா, அந்தக் கண்கள்! மழையே அங்கேதான் ஒதுங்கி நிற்கிறதோ?

'சீ... முதலில் டீக்கறையைப் பார்!' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள் விசாலம்.

"டைனோ பார்க்கிற ஆள் எங்க?"

"நான்தான்."

"நீங்களோ?"

"ஏன், மீசை இருந்தாத்தான் மெஷின் வேலை செய்யுமா?"

ஸமீம் சிரிப்பை மறைக்கக் குனிந்து, கையிலேயே இருந்த ஸ்பானரைத் தரையில் தேடினான். வந்தவனின் முகம் காரின் நிறத்துக்கு மாறியது.

பெயர் துவாரகன். வீடு வெள்ளவத்தை. எஞ்சினைத் தானே பிரித்துத் தானே பூட்டியவன். ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயம். அதற்குள் எஞ்சினின் சக்தி எவ்வளவு என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

அவளுக்கோ, இந்த மெஷின் பிழைக்குமா என்று தெரிய வேண்டும். அப்பா காசிவிஸ்வநாதன் புறக்கோட்டையில் பருப்பு மொத்த வியாபாரி. கொட்டாஞ்சேனை வீட்டில் ஒற்றைக் காலில் நின்று, அவர் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில், எஞ்சினின் சக்தியை அளக்கும் இந்த டைனோ மெஷினைப் பூட்டியிருந்தாள். "ஆவணி முடியட்டும். ஆள் வரலைன்னா மறுபடி பருப்பு மூட்டைதான்" என்று கெடு வைத்திருந்தார் அப்பா. ஆவணி முடிய இன்னும் பத்தே நாள்.

காரை மெஷினின் உருளைகளின் மேல் ஏற்றிப் பட்டிகளால் இறுக்கினார்கள். இனி கார் நின்ற இடத்தில் நிற்கும். சக்கரங்கள் மட்டும் உருளைமேல் பறக்கும். எஞ்சின் கர்ஜித்தது. திரையில் நூற்று அறுபது குதிரைசக்தி.

"பார்த்தீங்களோ!" துவாரகன் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

இரண்டாம் தடவை... நூற்று நாற்பது. மூன்றாவது, மறுபடி நூற்று அறுபது. நான்காவது, நூற்று முப்பத்தொன்பது!

"உங்கட மெசின் பிழை."

"உங்க எஞ்சின்தான் கோளாறு."

"அதில ஒவ்வொரு நட்டும் என்ர கையால இறுக்கினது!"

"என் மெஷினுக்கும் ஆளைப் பார்த்து நம்பர் மாத்தத் தெரியாதுங்க."

அவன் விருட்டென்று போனை எடுத்தான். நான்கு எண்களையும் படமெடுத்து, பந்தயக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 'ஒருகொடவத்தை டைனோ... லொத்தர் டிக்கெட் மாதிரி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர்!'

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை வருவதாக இருந்த இரண்டு பேரும் வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டார்கள்.

விசாலத்தின் கண்கள் கலங்கவில்லை, சிவந்தன. "ஸமீம், உங்க வேனை ஏத்துங்க."

ஸமீமின் பழைய வேன் மூன்று தடவை ஓடியது. எழுபத்திரண்டு... எழுபத்திரண்டு... எழுபத்தொன்று.

"ஒரு குதிரை களைச்சுப் போச்சு மிஸ், வயசாளி" என்றான் ஸமீம்.

மெஷினில் பிழையில்லை. துவாரகன் தன் காரின் பொனட்டைத் திறந்துவிட்டான். அவள் பிளக்கைப் பார்த்தாள். பெற்றோல் அழுத்தத்தைப் பார்த்தாள். எல்லாம் சரி. சிவப்புக் காரை மறுபடி ஏற்றி, அவனை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் குனிந்து கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். எண் சரியும்போது மட்டும் ஒரு சத்தம்... ஃபலூடா கிளாஸின் அடியை உறிஞ்சுவதுபோல!

எஞ்சினை நிறுத்தி, முன்விளக்குக்குப் பின்னால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு. திருநீறும் குங்குமமும் கமகமத்தன.

"அம்மா..." என்று முனகினான் துவாரகன். போனில் அழைத்தான். மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஓமடா தம்பி, காருக்குக் காவலா வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சு எடுத்தனான். முன்னுக்குக் கட்டினா ஸ்டைல் போயிடும் எண்டு நீதானே சொன்னனீ? லைட்டுக்குப் பக்கத்தில ஒரு ஓட்டை சும்மா கிடந்தது... உள்ளுக்கு வச்சுவிட்டன்!"

எஞ்சின் காற்றை இழுக்கும்போது முடிச்சு சில தடவை குழாயின் தொண்டையை அடைத்தது. சில தடவை சமர்த்தாக ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. இருபது குதிரைகளும் போன வழி அதுதான்!

"அந்த மெசேஜை இப்பவே அழிச்சுப்போடுறன்" என்றான் மெதுவாக.

"அழிச்சாப் போதுமா? பார்த்தவங்க பார்த்தாச்சு. நடந்ததை நீங்களே சொல்லுங்க."

"அம்மாவின்ர முடிச்சுக் கதையையோ? எல்லாரும் சிரிப்பினம்!"

"அப்ப என் மெஷினைப் பார்த்துச் சிரிச்சாப் பரவாயில்லையா?"

துவாரகன் மஞ்சள் முடிச்சைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, காரோடு மழைக்குள் போய்விட்டான்.

ஒருநாள்... இரண்டு நாள்... அப்பா மூட்டை அடுக்க ஆட்களை வந்து இடம் பார்க்கச் சொன்னார். 'அந்தக் கண்களை நம்பினேனே, என் புத்தியை...' கீபோர்டில் ஆத்திரம் தீரத் தட்டினாள் விசாலம்.

மூன்றாம் நாள் ஸமீம் போனை நீட்டியபடி ஓடி வந்தான். காணொளியில் துவாரகன்! கையில் மஞ்சள் முடிச்சு.

"மச்சான்மார், ஒருகொடவத்தை மெசினில ஒரு பிழையும் இல்லை. பிழை என்ர வாயிலதான். அம்மாவின்ர அன்பு குழாயை அடைச்சதை, உந்தப் பிள்ளை காதாலயே கண்டுபிடிச்சவ. சிரிக்கிறவையள் சிரியுங்கோ!"

சிரித்தார்கள். சிரித்துவிட்டு வந்தார்கள். ஒரே வாரத்தில் ஒன்பது கார்கள்! ஆவணி கடைசி நாளில் அப்பா வாசலில் நின்ற வரிசையை எண்ணிப் பார்த்தார். "பருப்புக்கு வேற இடம் பார்த்துக்கிறேன்" என்று போய்விட்டார்.

எல்லோரும் வந்தார்கள்... ஒருவனைத் தவிர. பந்தயத்தில் மூன்றாவதாக வந்தானாம். அதையும் ஸமீம்தான் சொன்னான். 'நீயே கூப்பிட்டால் என்ன?' என்று மனம் கேட்டது. 'நானா? முடியாது!' என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

டமார்!

இந்த முறை டீ கொட்டவில்லை. இதயம்தான் தளும்பியது.

"திரும்பவும் பவர் குறையுது" என்றான் துவாரகன், தரையைப் பார்த்தபடி. ஏற்றினாள். நூற்று அறுபது... நூற்று முப்பத்தெட்டு. அதே உறிஞ்சல்! கையை விட்டாள். அதே மஞ்சள் துணி. ஆனால் நூல் முடிச்சு இல்லை. வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கியிருந்தது. வெட்டிப் பிரித்தாள். உள்ளே திருநீறு இல்லை... ஒரு முழம் மல்லிகைப்பூ!

ஸமீம் இல்லாத ஸ்பானரைத் தேடிக்கொண்டு வெளியே போனான்.

"இந்தத் தடவையும் அம்மாவா?" அவள் உதட்டோரம் துடித்தது.

"இல்லை... நான்தான் வச்சனான். வேற என்ன சாட்டுச் சொல்லி உங்களைப் பார்க்க வாறது, விசாலம்?"