கோடு தாண்டினா வாங்க

ஜீப் நின்ற பிறகும் நர்ஸ் உடனே இறங்கவில்லை. கண்ணாடி வழியாக முகாமைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்டை நேர்கோடாக வெட்டிக்கொண்டே போய், வரிசையாக மின்கோபுரம் நடும் வேலை. மரத்தூளும் டீசலும் கலந்த வாசனை. சேறு மிதிபட்ட மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு தகரக் கொட்டகைகள், உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில், மரங்களோடு முதுகு ஒட்டினாற்போல வெள்ளைப் பெயின்ட் அடித்த கன்டெய்னர் ஒன்று நின்றது.

"அதுதான் அண்ணி உங்க ஆஸ்பத்திரி," என்றான் ஜீப்பை ஓட்டி வந்த கொழுந்தன். "ஃபேன் ஓடினா அதிர்ஷ்டம். பூச்சி மட்டும் இலவசம்."

முகாமில் அவனுக்குக் கொசுவர்த்தி என்று பெயர். எந்நேரமும் வாயில் புகைந்துகொண்டிருக்கும் சிகரெட்டுக்குக் கிடைத்த பட்டம். கணவன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஐந்து மாதமான நேரத்தில், அவளுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

"முன்னாடி இருந்த நர்ஸ் ஏன் போனாங்க தம்பி?"

"அவங்களா? இடம் ஒத்துக்கல. போயிட்டாங்க."

சொன்னபோது அவன் கன்டெய்னர் பக்கம் பார்க்கவில்லை.

பல்லிடுக்கில் குச்சியோடு சூப்பர்வைசர் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆரம்பத்துலயே சொல்லிடறேன் சிஸ்டர். இங்க எல்லாரையும் ஏதாவது ஒண்ணு கடிக்கும். அதுக்கெல்லாம் வண்டி கேட்டு வராதீங்க. இருக்கறது ஒரே ஜீப்பு, ஆஸ்பத்திரி மூணு மணி நேரம். களிம்பு பூசுங்க, மாத்திரை குடுங்க, வேலைக்கு அனுப்புங்க."

"மூச்சு விட முடியலன்னா?"

"பூச்சி கடிச்சு யாராவது மூச்சு நின்னு போவாங்களா?"

கேட்டுவிட்டு, அவரே சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கன்டெய்னருக்குள் ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. நாற்காலி நோயாளியைப் பார்த்துப் போடப்படவில்லை; சாலையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அவசர ஊசி மருந்து வைக்கும் பெட்டி காலி. அதன் மூடியில் 'மருந்து தேவை' என்று எழுதி, ஊதா மையால் மூன்று முறை அடிக்கோடிட்டிருந்தார்கள். இழுப்பறையில் அதே ஊதா மார்க்கர் பேனா கிடந்தது. மூடி பல்லால் கடிபட்டு நசுங்கியிருந்தது.

முதல் நோயாளியாக ரம்பக்காரர் வந்தார். ஐம்பது வயது. இயந்திர ரம்பத்தைப் பிடித்துப் பிடித்து எப்போதும் நடுங்கும் கைகள். கணுக்காலுக்கு மேலே ஏதோ கடித்து, நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி. அவள் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, களிம்பு தடவினாள். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

டக்.

ரம்பக்காரர் காலை இழுத்துக்கொண்டார்.

"கோடு வேணாம் சிஸ்டர்."

"பயப்படாதீங்க, வெறும் மைதான். சிவப்பு எதுவரைக்கும் இருக்கோ அதைச் சுத்தி ஒரு கோடு, பக்கத்துல நேரம். பரவுதா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியணும்ல? கோடு தாண்டினா வாங்க. எந்நேரமானாலும் சரி, நான் பாத்துக்கறேன்."

"அவங்களும் இப்படியேதான் சொன்னாங்க," என்றார் அவர். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் காலை நீட்டினார்.

அவள் கோடு வரைந்து 11.20 என்று எழுதினாள்.

மறுநாள் மதியம் சமையல்காரர் கதவில் வந்து நின்றார். முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கடி, பொத்தான் அளவு. ஆனால் அதைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு ஒரு ஊதா வட்டம் இருந்தது. பக்கத்தில் 4.10 என்று எழுதியிருந்தது.

மணி அப்போது இரண்டுதான்.

"யார் வரைஞ்சது இது?"

"தெரியாது சிஸ்டர். சாப்பாடு போட்டு முடிச்சு கொஞ்சம் சாஞ்சேன். எழுந்தா இருக்கு."

"நல்ல விளையாட்டு," என்று பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அழுத்தித் துடைத்தாள். தோல்தான் சிவந்தது. கோடு அசையவில்லை.

இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். பேனா உள்ளேதான் இருந்தது. மூடி மட்டும் கழன்று தனியாகக் கிடந்தது.

மாத்திரை கொடுத்து அவரைக் கட்டிலிலேயே படுக்க வைத்தாள். கண்ணெதிரே சிவப்பு பரவியது. மூன்று மணிக்கு வட்டத்தில் பாதி. நான்குக்கு முக்கால். நான்கு பத்துக்குக் கோட்டை வந்து தொட்டது.

நின்றது.

அச்சில் ஊற்றியதுபோல, ஓரிடத்திலும் முன்பின் இல்லாமல், கோட்டின் மேலேயே நின்றது. அதற்குள் கை முழுக்கக் கொப்புளம்.

"அந்த நர்ஸ் எங்க போனாங்க?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவள் குரல் தணிந்திருந்தது.

சமையல்காரர் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார்.

"எங்கயும் போகல சிஸ்டர். அதுலதான் உக்காந்திருந்தாங்க. மணிக்கட்டுல என்னமோ கடிச்சுது. வண்டி வேணும்னாங்க. ஜீப்பு வழியில ரிப்பேர்னு தகவல் வந்துச்சு. சரி வரட்டும்னு தனக்குத்தானே கோடு போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. மணிக்கு ஒரு கோடு. கொஞ்ச நேரம் பக்கத்துல இருங்க அண்ணான்னு கேட்டாங்க. அடுப்புல உலை கொதிக்குதுன்னு நான் போயிட்டேன்."

"அப்புறம்?"

"ஆறு கோடு. கடைசிக் கோடு கழுத்துல."

அன்று மாலை கொசுவர்த்தியைத் தேடிப் போய்க் கேட்டாள். "செத்துப் போனாங்கன்னு ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா வந்திருப்பீங்களா? வீட்ல அடுப்பு எரிய வேண்டாமா அண்ணி?" என்று புகையை ஊதினான். "வண்டி ரிப்பேரானா நான் என்ன பண்றது? தோள்ல தூக்கிட்டா ஓட முடியும்?"

மூன்றாம் நாள் காலையில் ரம்பக்காரர் கால்சட்டையை மடித்துக் காட்டினார். சிவப்பு 11.20 கோட்டை உரசிக்கொண்டிருந்தது. தாண்டவில்லை. மாத்திரை கொடுத்து, "தாண்டினா வாங்க," என்று திரும்பவும் சொன்னாள். அவர் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுக் காட்டுக்குள் போனார்.

ஒன்றரை மணிக்கு ஜீப்பிலிருந்து அலறல் கேட்டது.

கொசுவர்த்தி முன்சீட்டில் தூங்கி எழுந்திருக்கிறான். வாட்ச் பட்டைக்குக் கீழே, மணிக்கட்டில் ஒரு கரும்புள்ளி. அங்கே ஒரு ஊதாக் கோடு, வளையல் போலச் சுற்றியிருந்தது. முன்கையில் இரண்டாவது, முழங்கையில் மூன்றாவது, புயத்தில் நான்காவது, தோளில் ஐந்தாவது. ஆறாவது கோடு கழுத்தைப் பாதி சுற்றி நின்றது.

1.00. 2.00. 3.00. 4.00. 5.00. 6.00.

முதல் கோட்டைச் சிவப்பு ஏற்கெனவே தாண்டியிருந்தது. விரல்கள் தடித்துக்கொண்டிருந்தன. கல்யாண மோதிரம் சதையில் புதைய ஆரம்பித்தது. அவள் மோதிரத்துக்கு அடியில் நூலை நுழைத்து, விரலில் நெருக்கமாகச் சுற்றி, நுனியைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் உருண்டு கழன்று வந்தது. இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

"நகருங்க. நான் ஓட்டறேன்."

"சூப்பர்வைசர்கிட்ட கேக்காம..."

"வாயை மூடிட்டு உக்காருங்க தம்பி."

இரண்டு மணிக்கு ஜீப் முகாமை விட்டுக் கிளம்பியது. யாரும் தடுக்கவில்லை.

காட்டுப் பாதையில் உச்சி வெயில் இலைகளுக்கு மேலேயே தங்கிவிட்டது. கீழே பச்சை இருட்டு. அவன் கையை டாஷ்போர்டில் நீட்டி வைத்திருந்தான். பள்ளம் மேடு பார்க்கும் கண்ணால் அவள் அந்தக் கையையும் பார்த்தாள். சரியாக மூன்று மணிக்குச் சிவப்பு முழங்கையைத் தொட்டது.

வண்டிக்குள் ஸ்பிரிட் வாசனை வந்தது.

அவள் கையோடு மருந்து எதுவும் எடுத்து வரவில்லை.

"அண்ணி," என்றான் அவன் மெதுவாக. "பின்சீட்டுல யாராவது ஏறினாங்களா?"

"இல்ல."

"பாருங்க."

"பாக்க மாட்டேன்."

டக்.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில். பேனா மூடி கழலும் ஓசை.

அவன் அழ ஆரம்பித்தான். முன்னால் ஓடை தெரிந்தது, அதன் மேல் ஒரு குறுகிய பாலம். அதைப் பார்த்ததும் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ரிப்பேர் இல்ல அண்ணி."

"என்ன?"

"அன்னிக்கு வண்டி ரிப்பேர் இல்ல. ஓடையில குளிச்சுட்டு இந்தப் பாலத்துக்கு அடியில படுத்திருந்தேன். சூப்பர்வைசரு சிக்னலுக்காகத் தொட்டி மேல ஏறி போன் பண்ணாரு, நர்ஸுக்கு முடியல, உடனே வான்னு. அந்தம்மா எப்பவும் இப்படித்தான், சின்னக் கடிக்கும் வண்டி கேக்கும். இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். ரேடியேட்டர் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் தூங்கிட்டுப் போலாம்னு..."

"எப்ப போன?"

முதல் முறையாக அவனை ஒருமையில் கேட்டாள். அவனுக்கும் அது உறைத்தது.

"ஆறு மணிக்கு."

பாலத்தில் ஜீப் ஏறியபோது பின்சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது, யாரோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததுபோல. அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தினாள்.

நான்கு மணிக்குப் புயம். ஐந்து மணிக்குத் தோள். அவன் மூச்சு விசில்போல இழுக்கத் தொடங்கியது.

"தூங்காத. என்னைத் திட்டு. உங்க அண்ணனைத் திட்டு. எதையாவது பேசு."

"அண்ணி... நீங்க ஓட்டறது... ரொம்ப மோசம்."

"உயிரோட இருந்தா கத்துக்குடு."

ஐந்து இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றது. ஸ்ட்ரெச்சர், ஊசி, ஆக்ஸிஜன். டாக்டர் அவன் கழுத்திலிருந்த கோட்டைப் பார்த்து, "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க சிஸ்டர். நேரம் எழுதினது ரொம்ப உதவி," என்றார். அவள் மறுக்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தையும் அவன் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு ஏறியது. ஐந்து ஐம்பதுக்கு நிதானமானது. ஆறாவது கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

ஆறு மணி.

ஆறு ஒன்று.

அவன் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. ஸ்பிரிட் வாசனை போய்விட்டது. வெறும் ஆஸ்பத்திரி வாசனைதான் இருந்தது. வண்டி வந்தது, அதனால் செத்துப்போன நர்ஸ் அவனை விட்டுவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

ஆறு ஐம்பதுக்குச் செல்போன் அடித்தது. சூப்பர்வைசர். காற்றிரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"சிஸ்டர், ரம்பக்காரருக்குக் கோடு தாண்டிடுச்சு. முட்டி வரைக்கும் ஏறிடுச்சு, உடம்பு அனலாக் கொதிக்குது. உங்க கன்டெய்னர்லதான் இருக்காரு. தாண்டினா வாங்கன்னு சொன்னீங்களாம். ஜன்னலோர நாற்காலியில உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருக்காரு. வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க சிஸ்டர். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

ஜீப் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது.

மூன்று மணி நேரம். பச்சை இருட்டு இப்போது முழு இருட்டாகியிருக்கும். அந்தப் பாலம். அந்தப் பின்சீட்டு. போய், மறுபடி அதே வழியில் திரும்ப வேண்டும். சின்னக் கடிதானே, காலையில் பார்த்தபோது தாண்டவில்லையே, விடிகிறவரை தாங்கும்.

"வண்டி வராது," என்றாள். "ரேடியேட்டர் போயிடுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது.

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது. அவள் போனை அணைத்தாள்.

வார்டுக்குள் போனாள். கொசுவர்த்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை விலக்கிக் கையைப் பார்த்தாள்.

வீக்கம் இருந்தது. சிவப்பு இருந்தது.

கோடுகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஸ்பிரிட்டுக்கு அசையாத மை, போன இடம் தெரியவில்லை.

டக்.

இந்தத் தடவை ஓசை பின்னாலிருந்து வரவில்லை. அவள் பக்கத்திலிருந்தே வந்தது. வாட்ச் பட்டைக்குக் கீழே ஏதோ குளிர்ந்தது. பட்டையை அவிழ்த்தாள்.

கடி எதுவும் இல்லை. தோல் சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு ஊதாக் கோடு, வளையல் போல. மை இன்னும் காயவில்லை.

பக்கத்தில் 7.00.

சட்டைக் கையை மேலே சுருட்ட அவளுக்குத் துணிவு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு மணியாக ஒரு நிமிடம் இருந்தது.

மூடியிருந்த வார்டுக்குள், எங்கிருந்தோ, மயிரிழை போல ஒரு ரீங்காரம் கிளம்பியது. கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நின்றது.

மணிக்கட்டில், கோட்டுக்கு உள்ளே, மிக லேசாக ஏதோ வந்து உட்கார்ந்தது.