தடத்துக்குள் தடம்

அன்று விடிந்ததும் ராஜாமணி அத்தை போட்ட சத்தத்தில் பாதி இண்டூர் எழுந்துவிட்டது.

"எந்த எருமைடா என் களத்துல நடந்துச்சு?"

எருமை இல்லை, மனிதக் கால்தான். ராகிக் கதிர் அடிப்பதற்காக முந்தின நாள் மண்ணை நனைத்து, மிதித்து, சாணி போட்டு அத்தை மெழுகி வைத்த களம் அது. இடுப்பு ஒடிகிற வேலை. காயும்வரை அதில் கோழிகூட நடக்கக் கூடாது. இப்போது அதன் நடுவே வரிசையாகக் காலடித் தடங்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து அத்தையின் அண்ணன் பிள்ளைகள் வெண்மதியும் அன்பும் ஓடிவந்தார்கள். வெண்மதி ஆறாம் வகுப்பு, அன்பு இரண்டாம் வகுப்பு. அன்பின் காலில் கணுக்கால்வரை சாணி!

"நீதானா?" என்றார் அத்தை.

"ஆமாங்க அத்தை. வெளிச்சம் வந்ததும் வெளையாடினேன், பந்து விழுந்துச்சு, எடுக்கப் போனேன். ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வருஷம் களத்துப் பக்கமே வரக் கூடாது. தாள் போர்ல குதிக்கிறதும் கிடையாது!"

அன்புக்கு உதடு பிதுங்கியது. கதிர் அடித்தபின் மிஞ்சும் வைக்கோல் தாளைப் போராகக் குவித்ததும் அதில் ஏறிக் குதிப்பதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பவன் அவன். அழ ஆரம்பித்துவிட்டான். மீதியைச் சொல்லவே முடியவில்லை.

வெண்மதிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் தானே ஒப்புக்கொண்டவனுக்காக என்னவென்று வாதாடுவது? களத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தடங்களைப் பார்த்தாள். நேற்று நிர்மலா டீச்சர் வகுப்பில் காட்டிய படம் நினைவுக்கு வந்தது.

ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து சேறாகக் கிடந்தது. மனிதனின் ஆதி மூதாதையர் அதில் நடந்துபோனார்கள். சாம்பல் இறுகிக் கல்லானது. முப்பத்தாறு லட்சம் ஆண்டுகள் கழித்தும் அந்தத் தடங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு மூளை சின்னது. ஆனாலும் நம்மைப் போலவே இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தார்கள் என்பதை அந்தத் தடங்கள் காட்டின. நடந்தது எத்தனை பேர் என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை. இரண்டு என்றார்கள் சிலர், மூன்று என்றார்கள் சிலர். ஒருவர் தடத்துக்குள்ளேயே இன்னொருவர் கால் வைத்ததால் வந்த குழப்பம்.

வெண்மதி சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தை, இந்தத் தடத்த நல்லா பாருங்க."

"பாத்துட்டேன். வழுக்கி வழுக்கி நடந்திருக்கான். அதான் இம்மாம் பெருசா இருக்கு."

"வழுக்கினா ஓரம் கலைஞ்சுதானே இருக்கணும்? இது அச்சு மாதிரி இருக்கு. உள்ளார பாருங்க, குட்டியா இன்னொரு கால். நடந்தது ரெண்டு பேருங்க!"

அத்தை குனிந்து பார்த்தார்.

"இந்த வட்டக் குழி பந்து விழுந்த எடம். சின்னக் கால் இதோட திரும்பிடுச்சு. பெரிய கால் மோட்டார் ரூம் பக்கமா போயிருக்கு." வெண்மதி தம்பியிடம் திரும்பினாள். "டேய், அடுத்தவங்க தடத்துல ஏன்டா கால் வச்ச?"

அன்பு மூக்கை உறிஞ்சினான். "புதுசா மிதிச்சா இன்னும் கெட்டுப்போயிடுமில்ல? அத்தை கஷ்டப்பட்டு மெழுகினாங்க. அதான் மிதிச்ச எடத்துலயே தாண்டித் தாண்டிப் போனேன்."

அத்தை அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். "பேச வுடாம நானே கத்திப்புட்டேனே கண்ணு!"

அந்த நேரம் பார்த்து மோட்டார் ரூமிலிருந்து அத்தையின் கணவர் ஆண்டி மாமா வந்தார். மூன்று பேரும் அவர் கால்களைப் பார்த்தார்கள். காய்ந்த சாணி அப்பியிருந்தது.

"இருட்டுல கரண்டு வந்துச்சு. மோட்டார் போடற அவசரத்துல..." மாமா தலையைச் சொறிந்தார்.

"அப்ப நீங்களே மெழுகுங்க!" என்று வாளியை நீட்டினார் அத்தை.

களம் மெழுகும்போது பின்பக்கமாகவே நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். மாமாவோ இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்ததோடு சரி. ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி மெழுகினார். முடித்து நிமிர்ந்தபோது நட்டநடுவில் நின்றார். நாலு பக்கமும் ஈரம்.

"ராஜாமணி, இப்ப நான் எப்படி வர்றது?"

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னக் கேக்காதீங்க. இனிமே களத்துக்கு அன்புதான் காவல்."

அன்பு இடுப்பில் கை வைத்துக்கொண்டு களத்தை ஒருமுறை சுற்றிவந்தான்.

"காயற வரைக்கும் அங்கயே நில்லுங்க மாமா. கால நகத்தினீங்க, தாள் போர்ல குதிக்க வுட மாட்டேன்!"